மெதுவாகத் திற

லிப்னித்சா,
8 ஆகஸ்ட் 1971

அன்புள்ள அண்ணன் திஹோமிருக்கு,

தங்கை தெசங்கா எழுதுகிறேன். நானும் மகள் யாகொதாவும் சுகம். உன் இருமல் நின்றதா? ஸ்டுட்கார்ட்டில் தொழிற்சாலைத் தூசி அதிகம் என்று எழுதியிருந்தாய், வெயில் அடித்தாலும் கம்பளி பனியனைக் கழற்றாதே.

ஒரு காரியமாக எழுதுகிறேன். அப்பா எனக்கென்று விட்டுப்போன சிவப்பு மோட்டார் சைக்கிள் மூன்று வருஷமாகக் கொட்டகையில் நிற்கிறதே, அதை ஓட வைக்க வேண்டும். நேற்று ஐம்பது உதையாவது உதைத்திருப்பேன். ஒரு தும்மல் போட்டுவிட்டு அடங்கிவிட்டது. எனக்கு ஓட்டத் தெரியும் என்பது உனக்குத் தெரியும், ரிப்பேர்தான் தெரியாது. நீ அங்கிருந்தே வைத்தியம் சொல்.

யாகொதாவைப் பட்டணத்து டாக்டரிடம் காட்ட வேண்டும். ஈஸ்டருக்குப் பிறகு அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள். காது கேட்கிறது, சாப்பிடுகிறாள், சொன்ன வேலையைச் செய்கிறாள், பேச்சு மட்டும் இல்லை. ஆறு வயதுப் பிள்ளை. ரயிலடி பதினேழு கிலோமீட்டர். பஸ் இருக்கிறது, ஆனால் அதை ஓட்டுவது மிலுதினுடைய சித்தப்பா மகன். நான் ஏறினால் இறங்குவதற்குள் வீட்டுக்குச் சேதி வந்துவிடும்.

மிலுதின் தடுக்கவே இல்லை. "ஓடுச்சுன்னா ஓட்டிக்கோ, நானா வேணாங்கிறேன்?" என்று சிரித்தார். ஊர் சொல்வதுபோல என் கணவர் பொறுமைசாலி. குடிப்பதில்லை, குரலை உயர்த்துவதில்லை. கூட்டுறவுக் கடையோடு தபாலும் அவர் பொறுப்பில்தானே இருக்கிறது, இந்தக் கடிதத்தையும் தானே சேர்த்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். எனக்கு அலைச்சல் மிச்சம்.

உன் தங்கை,
தெசங்கா

ஸ்டுட்கார்ட்,
19 ஆகஸ்ட் 1971

அன்புத் தங்கை தெசாவுக்கு,

இருமல் போய்விட்டது, பனியனும் கிழிந்துவிட்டது. பிள்ளை பேசாமல் இருப்பதைப் படித்து மனசு கனத்துப் போயிற்று. மாப்பிள்ளையிடம் என் விசாரிப்பைச் சொல்.

மூன்று வருஷத்துப் பெட்ரோல் பெட்ரோல் இல்லை, கஷாயம். முழுவதையும் இறக்கிக் கொட்டு. டேங்கைப் புதுப் பெட்ரோலால் இரண்டு தரம் அலசு. கார்புரேட்டரின் அடியில் கிண்ணம் மாதிரி ஒன்று இருக்கும், அதைக் கழற்றினால் பழுப்பாகப் பிசின் பிடித்திருக்கும். பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்துக் கழுவு. மாட்டும்போது வாஷரைக் கிழித்துவிடாதே. காலையில் குளிர்ந்திருந்தால் சோக்கை மூடி உதை, பிடித்ததும் திற.

கிளம்பினாலும் உடனே துள்ளாதே. அது கிழட்டு கார்புரேட்டர். ஆக்ஸிலேட்டரைப் படக்கென்று முறுக்கினால் காற்று முந்திக்கொள்ளும், பெட்ரோல் பின்தங்கும், வண்டி திக்கி நின்றுவிடும். மெதுவாகத் திற. இதை மட்டும் மறக்காதே.

அதற்குப் பிறகும் மிஸ் அடித்தால் ப்ளக்கைப் பார். அதன் வெள்ளைப் பீங்கானில் முடியளவு விரிசல் இருந்தாலும் பொறி வழியிலேயே செத்துவிடும்.

அன்புடன்,
திஹோமிர்

லிப்னித்சா,
3 செப்டம்பர் 1971

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். உன் கடிதங்களை யாகொதாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுகிறேன். கதை கேட்பதுபோலக் கேட்கிறாள்.

வண்டி கிளம்பிவிட்டது அண்ணா! மூன்றாம் உதையிலேயே. கோயில் வரை போய்த் திரும்பினேன். மெதுவாகத் திறந்தேன், நீ சொன்னபடி. மிலுதின் வாசலில் நின்று கைதட்டினார்.

சந்தோஷம் அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை டாக்டரிடம் போகலாம் என்று யாகொதாவுக்குத் தலை சீவி வெளியே வந்து உதைத்தால் உயிரே இல்லை. ப்ளக்கைக் கழற்றினேன். பீங்கான் குறுக்கே வெடித்திருந்தது. புதன்கிழமை அதே ப்ளக்கைத் துடைத்துப் பூட்டியவள் நான்தான், அப்போது முழுசாக இருந்தது. இரண்டு நாள் நின்ற இடத்திலேயே எப்படி வெடித்தது என்று தெரியவில்லை.

சரி என்று பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நடந்தே கிளம்பினேன். நாலு கிலோமீட்டர் போயிருப்போம், ஆலைக்காரர் டிராக்டரை நிறுத்தி, "மிலுதின் பொஞ்சாதி நடந்து போறதா? ஊரு எங்கள என்ன சொல்லும்?" என்று ஏற்றிக்கொண்டு வந்து வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டார். இங்கே எல்லோரும் நல்லவர்கள்.

உன் தெசா

ஸ்டுட்கார்ட்,
14 செப்டம்பர் 1971

தெசா,

நலம், உங்கள் நலத்தை நினைத்தபடி இருக்கிறேன். இத்துடன் மிட்டாய் டப்பாவில் ஒரு புது ப்ளக் அனுப்புகிறேன். மிட்டாய் யாகொதாவுக்கு, ப்ளக் உனக்கு, மாற்றிக்கொண்டுவிடாதீர்கள்.

பழைய ப்ளக், கழற்றும் ஸ்பானரின் அடி பட்டு வெடித்திருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும்.

புது ப்ளக் போட்டும் பிக்கப் இல்லாவிட்டால், அதாவது நின்ற இடத்தில் ஓடிவிட்டு, திறக்கும்போது அடங்கினால், மெயின் ஜெட்டைப் பார். கார்புரேட்டர் கிண்ணத்துக்கு மேலே, நட்டநடுவில் பித்தளைத் திருகு ஒன்று இருக்கும். அதில் ஊசிமுனையளவு துளை. வேகமாகப் போகும்போது வண்டி குடிக்கும் பெட்ரோல் முழுவதும் அந்தத் துளை வழியாகத்தான் வர வேண்டும். அதில் தூசி மாட்டினால் முடிந்தது கதை.

மாப்பிள்ளை அந்த டிராக்டர்காரருக்கு நன்றி சொன்னாரா? நீ எழுதவில்லை.

அண்ணன்

லிப்னித்சா,
30 செப்டம்பர் 1971

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகமாக இருக்கிறோம். எழுத்து கோணலாக இருந்தால் கோபிக்காதே. நிலவறைப் படியில் விழுந்து வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. மிலுதின்தான் முட்டைக்கோஸ் இலை வைத்துக் கட்டிவிட்டார்.

புது ப்ளக்குக்கு வண்டி உடனே கிளம்பியது. ஆனால் நீ எழுதியது அப்படியே நடந்தது. திறந்தால் அடங்குகிறது, எவ்வளவு மெதுவாகத் திறந்தாலும். மேட்டில் ஏற மூச்சில்லை. ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், துளை தெரியவில்லை. ஊசியால் குத்தினேன். தீக்குச்சி மரத்துணுக்கு ஒன்று வந்து விழுந்தது. கூராகச் சீவியது. பெட்ரோலில் தீக்குச்சி எப்படி வந்தது அண்ணா?

இப்போது சரியாகிவிட்டது. இனி வண்டி ஓடும்.

இங்கே வேலை நெட்டித் தள்ளுகிறது. எங்கள் வீட்டுப் புனிதர் திமித்ரியின் திருநாள் நவம்பர் எட்டு, இந்த வருஷம் முப்பது பேராவது வருவார்கள். திருநாள் முடிந்த மறுநாள் பின்கிணற்றைத் தூர்வாரலாம் என்கிறார் மிலுதின். அவருடைய முதல் மனைவி ஸ்தான்கா தவறி விழுந்தாளே, அதன் பிறகு பலகை அடித்து மூடிவைத்த அதே கிணறுதான். பலகையை இப்போதே கழற்றிவிட்டார். பக்கத்தில் இரண்டு மூட்டை சுண்ணாம்பு வந்து இறங்கியிருக்கிறது. ஆள் வைத்தால் செலவு என்கிறார். "நீயும் நானும் போதும் தெசா. நீ எடை கம்மி, உன்னை இறக்குறது லேசு" என்றார்.

யாகொதா கொல்லைப்பக்கம் போவதில்லை.

தெசா

ஸ்டுட்கார்ட்,
9 அக்டோபர் 1971

அன்புத் தங்கைக்கு,

எல்லோரும் சுகம்தானே? மணிக்கட்டை ஆட்டாதே. இங்கே நல்ல மழை, சேர்ந்தாற்போல எட்டு நாளாக.

தீக்குச்சி ஒன்றும் அதிசயமில்லை. அப்பா டேங்கைத் திறந்து வைத்துப் புகை பிடித்தவர், எப்போதோ விழுந்திருக்கும்.

நான் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். டேங்க் மூடியின் நடுவில் ஒரு சின்னக் காற்றுத்துளை உண்டு. அது அடைத்துக்கொண்டால் ஆபத்து. வண்டி ஒழுங்காகக் கிளம்பும், ஒழுங்காக ஓடும், இரண்டு கிலோமீட்டர் போனதும் பெட்ரோல் இறங்காமல் நட்டநடு வழியில் நின்றுவிடும். அந்தத் துளை ஒருநாளும் அடைத்ததில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். உன் பதிலை உடனே எழுது.

திஹோமிர்

லிப்னித்சா,
19 அக்டோபர் 1971

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். மணிக்கட்டு வீக்கம் வடிந்துவிட்டது.

நீ என்ன, ஜோசியம் பார்க்கக் கிளம்பிவிட்டாயா? நேற்று பிள்ளையை ஏற்றிக்கொண்டு போனேன். இரண்டாவது கிலோமீட்டர் கல்லைத் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. மூடியைக் கழற்றிப் பார்த்தால் துளையில் சோப்பு. நீலச் சோப்பு, நாங்கள் துணி துவைப்பது. அதை எடுத்துவிட்டுத் திரும்பி வந்தோம். மிலுதின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "சீக்கிரமே வந்துட்டீங்களே" என்று மட்டும் சொன்னார்.

இப்போது வண்டி நன்றாக இருக்கிறது. அடுத்து என்ன கெடும் என்று முன்கூட்டியே எழுதிவிடு, தயாராக இருக்கிறேன்.

தெசா

ஸ்டுட்கார்ட்,
25 அக்டோபர் 1971
(தபாலில் சேர்க்கவில்லை)

தெசா,

இதை அனுப்ப முடியாது. யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

பீங்கான் விரிசல் பற்றி எழுதினேன், பீங்கான் வெடித்தது. ஜெட் துளை பற்றி எழுதினேன், ஜெட்டில் தீக்குச்சி ஏறியது. சாப்பிட்டதும் தீக்குச்சியைச் சீவிப் பல் குத்துகிறவன் அந்த வீட்டில் ஒருவன்தான். அப்போதே சந்தேகம் வந்தது. பார்த்துவிடலாம் என்றுதான் காற்றுத்துளையைப் பற்றி எழுதினேன். பத்தே நாளில் சோப்பு. கார்புரேட்டருக்குப் படிக்கத் தெரியாது தெசா. என் கடிதம் உன் கைக்கு வருமுன் அவன் படிக்கிறான். நான் உனக்கு ரிப்பேர் சொல்லித் தருவதாக நினைத்துக்கொண்டு, வண்டியை எங்கே கெடுக்கலாம் என்று அவனுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன்.

உன் கடிதமும் அவன் கை வழியாகத்தான் வருகிறது. அதனால்தான் நீ எதையும் சொல்லவில்லை. நிலவறைப் படியில் நீ விழவில்லை. டாக்டரைப் பார்க்க ரயிலடிக்குப் போக வேண்டியதில்லை, பட்டணத்து டாக்டர் இருப்பது அதற்கு எதிர்த்திசையில். நீ ரயில் ஏறப் பார்க்கிறாய்.

நான் வரலாம் என்றால் பட்டாளத்துக்குப் போகாமல் ஓடிவந்தவன், எல்லையிலேயே பிடித்துவிடுவார்கள். போலீஸ்காரனுக்கு எழுதலாம் என்றால் அவன்தான் யாகொதாவுக்கு ஞானத்தகப்பன், மிலுதினுக்கு உடன்பிறந்தவன் மாதிரி. நவம்பர் ஒன்பதாம் தேதி கிணறு. சுண்ணாம்பு கிணற்றைச் சுத்தம் பண்ணத்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். ஸ்தான்கா விழுந்தபோதும் எல்லோரும் அவனுக்காக அழுதார்கள், நானும் அழுதேன். அதற்கடுத்த வருஷம் அவனுக்கு உன்னைக் கட்டிக்கொடுத்தோம்.

அவன் என் எழுத்தை நம்புகிறான். எனக்கு மிச்சமிருப்பது அது ஒன்றுதான்.

ஸ்டுட்கார்ட்,
26 அக்டோபர் 1971

அன்புத் தங்கை தெசாவுக்கு,

நான் சுகம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும்.

அடுத்து என்ன கெடும் என்று கேட்டிருந்தாய். இனி கெட ஒன்றுதான் பாக்கி, அது பேட்டரி. கார்புரேட்டர், ப்ளக் எல்லாம் கெட்டாலும் வழியில் சமாளித்துக்கொள்ளலாம். பேட்டரி மட்டும் இல்லாவிட்டால் அந்த வண்டி ஒரு அடி நகராது. எவ்வளவு உதைத்தாலும், எவ்வளவு தள்ளினாலும் பொறி வராது. நாம் செர்ரி பறித்துக்கொண்டு மொராவா ஆற்றுக்குப் போனோமே, அன்று புதுப் பேட்டரி இருந்ததால்தானே சொன்னபடி கேட்டது. அந்த நாளை நன்றாக நினைத்துப் பார். பேட்டரியைக் கண்ணைப்போலப் பார்த்துக்கொள்.

திருநாள் அன்று வண்டி பக்கமே போகாதே. மெழுகுவத்தி எரிந்து முடியும்வரை வீட்டுக்காரர் உட்காரவும் கூடாது, விருந்தாளியை விட்டு வாசல் தாண்டவும் கூடாது. பாவம், மாப்பிள்ளை நாள் முழுக்க நின்றுகொண்டே பரிமாற வேண்டும். நீ கூட இருந்து உதவி செய்.

மறந்துவிட்டேன், பெல்கிரேடிலிருந்து கொசாரா அக்கா எழுதியிருந்தாள். அதே வீடு, அதே ஆஸ்பத்திரி வேலை. எப்போது வந்தாலும் அடுப்பு சூடாக இருக்கும் என்கிறாள்.

உன் அண்ணன்,
திஹோமிர்

லிப்னித்சா,
2 நவம்பர் 1971

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். வேலை அதிகம், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

ஆற்றுக்குப் போன நாள் நன்றாக நினைவிருக்கிறது. புதுப் பேட்டரிதான். அதை எப்படி மறப்பேன்? நீ சொன்னபடி கண்ணைப்போலப் பார்த்துக்கொள்கிறேன். திருநாளுக்கு நூற்றிருபது முட்டைக்கோஸ் உருண்டை சுருட்ட வேண்டும், பன்றி சொல்லியாயிற்று.

கொசாரா அக்காவுக்கு என் அன்பைச் சொல்.

தெசா

லிப்னித்சா,
5 நவம்பர் 1971

மதிப்புக்குரிய மச்சான் திஹோமிருக்கு,

மிலுதின் வணக்கத்துடன் எழுதுவது. தங்கள் தேக ஆரோக்கியம் எப்படி இருக்கிறது? அயல்நாட்டில் தனியாக இருக்கிறீர்கள், உங்களுக்காகவும் மெழுகுவத்தி ஏற்றுவோம்.

இத்தனை மாதம் தெசாவுக்காக இவ்வளவு பக்கம் எழுதினீர்கள், உங்கள் பொறுமைக்கு நன்றி. வண்டியின் பேட்டரி குளிரில் வீணாகிவிடும் என்று நானே கழற்றி, எங்கள் அறையில் என் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். தெசாவுக்குச் சாமான்களில் அக்கறை போதாது. சொன்னதும் அழுதாள். பெண்கள் எதற்கு அழுவார்கள் என்று யார் கண்டது?

இனி நீங்கள் கஷ்டப்பட்டு எழுத வேண்டாம். திருநாளும் கிணற்று வேலையும் முடிந்த பிறகு அவள் ஓய்வெடுக்கட்டும். ரொம்பக் களைத்துப் போயிருக்கிறாள்.

தங்கள் நலம் நாடும்,
மிலுதின்

பெல்கிரேட்,
10 நவம்பர் 1971

அண்ணா,

கொசாரா அக்கா வீட்டில் இருந்து எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை நானே தெருமுனைத் தபால்பெட்டியில் போடப் போகிறேன். சுகமா என்று கேட்டால், உயிரோடு இருக்கிறோம்.

உன் இரண்டாவது கடிதத்தின்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. உறையின் பசை ஈரமாக இருந்தது. உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தவித்தேன். புதுப் பேட்டரி என்று நீ எழுதியதைப் படித்ததும் கொட்டகைக்குப் போய்த் தனியாக அழுதேன். அந்த வருஷம் அந்த வண்டியில் ஏது பேட்டரி? பேட்டரிப் பெட்டி காலியாக இருந்ததால்தானே அதில் செர்ரியைக் கொட்டிக்கொண்டு போனோம். ஹாரன் இல்லாததால் வழியெல்லாம் நீ வாயாலேயே ஊதிக்கொண்டு வந்தாய். வண்டிக்குப் பொறி கொடுப்பது எஞ்சினில் இருக்கிற காந்தம், பேட்டரி விளக்குக்கும் ஹாரனுக்கும்தான் என்று அன்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. அவருக்குக் கடைக்கணக்கு தெரியும், வண்டி தெரியாது. வேறு எதையும் தொடவில்லை, பேட்டரியை மட்டும் கழற்றினார். நான் அவர் காலில் விழுந்து கெஞ்சினேன், அவர் நம்ப வேண்டுமே.

திருநாளன்று பாதிரியார் ரொட்டியை வெட்டி, வேகவைத்த படையல் கோதுமையைப் பரிமாறி முடித்ததும் விறகு எடுக்கப் போவதாகச் சொல்லி வெளியே வந்தேன். யாகொதாவைப் பின்சீட்டில் உட்காரவைத்துச் சால்வையால் என்னோடு கட்டிக்கொண்டேன். உதைத்தால் சத்தம் கேட்டுவிடும் என்று பள்ளத்தை நோக்கிக் காலால் உந்தித் தள்ளினேன். மிலுதின் ஜன்னலில் என்னைப் பார்த்துவிட்டார். கையில் பிளம் சாராயத் தட்டு, பின்னால் மெழுகுவத்தி. ஓடி வரவில்லை அண்ணா. சிரித்தார். "விடுங்க, கீழ வரைக்கும் உருளும், அப்புறம் அவளே தள்ளிக்கிட்டு வருவா" என்று விருந்தாளிகளிடம் சொன்னார். ஜன்னல் திறந்திருந்தது, எல்லோரும் சிரித்தது கேட்டது.

பள்ளத்தின் அடியில் இரண்டாம் கியரில் கிளட்சை விட்டேன். ஒரு தும்மல். இன்னொரு தும்மல். பிறகு பிடித்துக்கொண்டது. சிரிப்புச் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன், தட்டு அவர் கையில் இல்லை, அவர் ஜன்னலிலும் இல்லை. மெழுகுவத்தியை விட்டு வாசலுக்கு வந்துவிட்டார், முப்பது பேர் பார்க்க. கிணற்றடிக் குறுக்குவழியாக இறங்கி ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை.

பயத்தில் நான் ஆக்ஸிலேட்டரைப் படக்கென்று முறுக்கிவிட்டேன். வண்டி திக்கியது, அடங்கியது, நிற்கப் போனது. அவருடைய பூட்ஸ் சத்தம் கேட்டது. அப்போது என் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்த பிள்ளை, ஈஸ்டரிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவள், என் காதுக்குள் சொன்னாள்.

"மெதுவாத் தெறம்மா. மாமா எழுதியிருக்கார்ல, மெதுவா."

மெதுவாகத் திறந்தேன்.

தெசா